கப்பலிலிருந்து மோரியின் பெயரை எடுத்தது அறிவியலுக்குச் செய்த துரோகமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: அமெரிக்கக் கடற்படை 2023-இல் தன் கடலாய்வுக் கப்பல் ஒன்றிலிருந்து மாத்யூ ஃபான்டெய்ன் மோரியின் பெயரை எடுத்துவிட்டு, மேரி தார்ப் என்ற பெண்ணின் பெயரை வைத்தது. 'நவீனக் கடலியலின் தந்தை' என்று நாம் படித்த ஒருவரை, உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம், அதாவது அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் பக்கம், நின்றார் என்பதற்காக அழிக்கலாமா? நின்ற பக்கம் வேறு, செய்த அறிவியல் வேறுதானே? இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தத் 'தந்தை' பட்டம் அவருக்குப் பொருந்துமா என்பது ஒன்று. அவருடைய அறிவியலையும் அடிமைமுறை அரசியலையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூட முடியுமா என்பது இன்னொன்று. எல்லோரும் சண்டை போடுவது இரண்டாவதுக்குத்தான். முதலாவதைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல வராது என்பது என் அபிப்பிராயம்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிக்காரன், வணிகக் கப்பலில் டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, மாஸ்டராக, அதாவது கேப்டனாக ஓய்வு பெற்றவன். வரலாற்றுப் பட்டம் எதுவும் கிடையாது. செகண்ட் மேட் என்ற அதிகாரியாக இருந்த ஆண்டுகளில், கடல் வரைபடங்களை விரிக்கும் சார்ட் மேசை என் பொறுப்பு. வட அட்லாண்டிக்கைக் கடக்கும்போதெல்லாம் பயணத் திட்டம் போட, காற்றையும் நீரோட்டத்தையும் காட்டும் அமெரிக்க பைலட் சார்ட்டை விரிப்போம். மாதத்துக்கு ஒரு படம். கடல் முழுவதும் ஐந்து பாகைக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீல நிறத்தில் ஒரு காற்றுப்பூ. எந்தத் திசையிலிருந்து எத்தனை சதவீதம் காற்று வரும் என்பதை அம்பின் நீளம் சொல்லும். எவ்வளவு வேகம் என்பதை அம்பின் வாலில் இருக்கும் இறகுகள் சொல்லும். நடு வட்டத்துக்குள் இருக்கும் எண், காற்றே இல்லாத நேரம் எவ்வளவு என்பது. நீரோட்டத்துக்குப் பச்சை அம்பு. அந்தத் தாளில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெப்டினன்ட் மோரி செய்த ஆய்வின் மீது அமைந்தது இந்தப் படம் என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். இரவு வாட்சில், அதாவது இரவுக் காவல் பணியில், அந்த வரியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இவர் யார் என்று தேடத் தொடங்கியது அப்படித்தான்.

1806-இல் வர்ஜீனியாவில் பிறந்து டென்னசியில் வளர்ந்தவர். 1825-இல், 19 வயதில், கடற்படையில் மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சி அதிகாரி. உலகைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸில் இருந்தார். 1839-இல் ஒஹையோவில் குதிரைவண்டி கவிழ்ந்து கால் ஒடிந்தது. அது சரியாகக் கூடவே இல்லை. கப்பலில் ஏற முடியாத கடற்படை அதிகாரியை என்ன செய்வது? 1842-இல் வாஷிங்டனில் இருந்த வரைபட, கருவிக் கிடங்கின் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஒதுக்கி வைப்பதற்கான இடம் என்றே அதை நினைத்திருப்பார்கள். அங்கே பழைய லாக் புக்குகள் குவிந்து கிடந்தன. பயணம் முடிந்ததும் கப்பல்கள் ஒப்படைத்துவிட்டுப் போன நாட்குறிப்புகள். யாரும் மறுபடி திறந்து பார்க்காதவை. எந்த நாள், எந்த அட்சரேகை தீர்க்கரேகை, காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எவ்வளவு இழுத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு கேப்டனுக்கு அது ஒரு பயணத்தின் ஞாபகம். ஆயிரம் கேப்டன்களுடையதைக் கட்டம் போட்டு மாதவாரியாகக் கூட்டினால் அது கடலின் பழக்கவழக்கம். மோரி கண்டுபிடித்தது இதைத்தான். தன் கீழ் இருந்த இளம் அதிகாரிகளை உட்காரவைத்து வரிவரியாகப் பிரித்தெடுத்து, 1847-இல் வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடத்தை வெளியிட்டார்.

அது உண்மையில் என்ன செய்தது என்பதற்கு ஓர் இடத்தைக் காட்டுகிறேன், ஏனென்றால் அதே இடம் பின்னால் வேறு ஒரு வேடத்தில் திரும்ப வரும். பிரேசிலின் வடகிழக்கு மூலையில் சாவோ ரோக் முனை இருக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து ரியோவுக்கோ, கேப் ஹார்னைச் சுற்றிக் கலிஃபோர்னியாவுக்கோ போகும் பாய்க்கப்பல் அந்த முனையைத் தாண்டியாக வேண்டும். முனைக்கு வடக்கே நீரோட்டம் மேற்கு நோக்கி இழுக்கும். எங்கள் ஊர் மீனவர் 'நீவாடு' என்பார்களே, அது. நீவாட்டில் சிக்கினால் முனைக்கு மேற்கே தள்ளப்பட்டு, காற்றை எதிர்த்து வாரக்கணக்கில் தத்தளிக்க வேண்டும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக மாலுமிகளிடம் இருந்தது. அதனால் கப்பல்கள் முதலில் கிழக்கே, கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா பக்கம் வரை போய், அங்கே பூமத்தியரேகைக்கு அருகில் காற்றே வீசாத பட்டையில் மாட்டி, பாய் தொங்கிப்போய் நிற்கும். லாக் புக்குகளைக் கூட்டிப் பார்த்த மோரி சொன்னது: அந்த நீவாடு நீங்கள் பயப்படும் அளவுக்கு வலுவானதில்லை, நேராகப் போய்ப் பூமத்தியரேகையை மேற்கிலேயே வெட்டுங்கள், முனையை ஒட்டி நழுவிவிடலாம். 1848-இல் டபிள்யூ. எச். டி. சி. ரைட் என்ற கப்பலின் கேப்டன் ஜாக்சன் இதை நம்பினார். பால்டிமோரிலிருந்து ரியோவுக்கு 38 நாளில் போய்ச் சேர்ந்தார். வழக்கமாக 55 நாள் பிடிக்கும் பயணம். கப்பல் உலகத்தில் இதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை.

அதற்கு அப்புறம் மோரி செய்த ஏற்பாடுதான், என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான சாதனை. கேப்டன்களுக்கு ஒரு மாதிரிப் படிவம் கொடுத்தார்: இதை நிரப்பித் திருப்பி அனுப்புங்கள், வரைபடமும் பயணக் குறிப்பும் இலவசமாக அனுப்புகிறேன். பணம் கைமாறவில்லை. 1853 ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸில் 10 கடல் நாடுகள் கூடி, எல்லா நாட்டுக் கப்பலும் ஒரே மாதிரி அட்டவணையில், ஒரே மாதிரி நேரத்தில் கடல் வானிலையைப் பதிவது என்று ஒப்புக்கொண்டன. அந்தக் கூட்டத்தை வற்புறுத்திக் கூட்டவைத்தவர் மோரி. அடுத்த ஆண்டே பிரிட்டன் தன் வானிலைத் துறையைத் தொடங்கியதற்கு அந்தக் கூட்டமும் ஒரு காரணம். நீராவிக் கப்பல்களுக்குப் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று வட அட்லாண்டிக்கில் பிரித்துக் கொடுக்கலாம் என்று 1855-இல் கோடு போட்டுக் காட்டினார். இன்று இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள டோவர் நீரிணையில் வலது பக்கப் பாதையை விட்டு விலகினால் கரையிலிருந்து கூப்பிட்டுக் கேட்கிறார்களே, அந்த யோசனையின் தாத்தா அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பயணம் சுமார் ஆறு மாதத்திலிருந்து நாலரை மாதமாகக் குறைந்தது மோரியின் படத்தால் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். நாட்கள் குறைந்தது உண்மை. முழுவதும் அவரால் என்பது சந்தேகம். அதே ஆண்டுகளில்தான் கூர்மையான முகப்பும் மலைபோல் பாயும் கொண்ட கிளிப்பர் கப்பல்கள் வந்தன; கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த வெறியில் முதலாளிகள் வேகத்துக்குப் பணம் கொட்டினார்கள். 1851-இல் ஃப்ளையிங் க்ளவுட் 90 நாளுக்குள் போய்ச் சேர்ந்தபோது அதில் மோரியின் படம் இருந்தது. கூடவே கேப்டனின் மனைவி எலினார் கிரீஸியும் இருந்தார். அந்தக் கப்பலின் வழிகாட்டுநர் அவர்தான். ஒரு நல்ல படம், ஒரு நல்ல கப்பல், அதைப் படிக்கத் தெரிந்த ஒரு பெண். இதில் யாருக்கு எத்தனை நாள் என்று பிரித்துக் கொடுக்க எந்தத் தராசும் கிடையாது.

பதிவுகளின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை, சொந்தக் குற்றத்தோடு. எங்கள் காலத்திலும் இந்திய வானிலைத் துறைக்காகக் கப்பலில் மெட் லாக் என்ற வானிலைப் பதிவேடு எழுதுவோம். சென்னைத் துறைமுகத்துக்கு வந்தால் வானிலை அதிகாரி ஏறிவந்து பாரோமீட்டரைச் சரிபார்த்துவிட்டுப் போவார். கடல்நீரின் வெப்பம் பார்க்க வேண்டும் என்றால் கேன்வாஸ் வாளியைக் கயிற்றில் விட்டு, ஓடும் கப்பலிலிருந்து தண்ணீர் மொண்டு, வெப்பமானியை முக்கி, காற்றில் ஆறுவதற்குள் படிக்க வேண்டும். பிஸ்கே வளைகுடாவில் ஒரு ஜனவரி, விடிகாலை வாட்ச், கப்பல் இரண்டு பக்கமும் புரண்டுகொண்டிருக்கிறது. வாளியை விடப் பயந்து, முந்தைய வாட்ச் எழுதியிருந்த எண்ணில் பத்தில் இரண்டு பாகை குறைத்து எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். மாஸ்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னையே வாளியோடு அனுப்பினார். வித்தியாசம் இரண்டு பாகை வந்தது. ஆகவே, 1840-களின் லாக் புக்கில் இருப்பதெல்லாம் சத்தியவாக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சோம்பேறியின் பொய் ஆயிரம் பேரின் உண்மைக்கு நடுவில் கரைந்துபோகும். கூட்டிப் பார்க்கும் முறையின் பலமே அதுதான். மோரி சேர்த்த பதிவுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை இன்று கணினியில் ஏறி, கடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கணக்கிடும் உலகத் தரவுத்தொகுப்பில் இருக்கின்றன. அந்த மனிதரை எந்தச் சுவரிலிருந்து இறக்கினாலும் இது அழியாது. 'அழிக்கிறார்கள்' என்ற உங்கள் பயத்துக்கு என் முதல் பதில் இதுதான்.

இனி அவருடைய கோட்பாடுகள். இங்கே அவர் அடிக்கடி சறுக்கினார். ஃபுளோரிடாவை ஒட்டி வட அட்லாண்டிக்குக்குள் பாயும் வளைகுடா நீரோட்டத்தை (Gulf Stream) காற்று தள்ளவில்லை, சூடும் உப்பும் உண்டாக்கும் அடர்த்தி வேறுபாடுதான் ஓட்டுகிறது என்று பிடிவாதமாக நின்றார். மேற்பரப்பு நீரோட்டங்களைப் பெரும்பாலும் காற்றும் பூமியின் சுழற்சியும் நடத்துகின்றன என்பது இன்று உறுதி. அடர்த்தி வேறுபாட்டின் பங்கு முக்கியமாக ஆழ்கடல் சுழற்சியில். அப்படிப் பார்த்தால் முழுத் தவறு என்றும் தள்ள முடியாது, சரியான காரணத்தைத் தவறான இடத்தில் மாட்டினார். காற்று மண்டலத்தின் சுழற்சியை விளக்க ஆக்சிஜனின் காந்தத் தன்மையையெல்லாம் இழுத்துவந்தார். அதற்கு மன்னிப்பு இல்லை. இந்தப் பிழைகளால் நடந்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். நாஷ்வில்லில் வில்லியம் ஃபெரல் என்ற பள்ளி ஆசிரியர், 1855-இல் வந்த மோரியின் புத்தகத்தைப் படித்து, இது சரியாக வரவில்லையே என்று உறுத்தலோடு உட்கார்ந்து 1856-இல் ஒரு கட்டுரை எழுதினார். பூமி சுழல்வதால் காற்றும் நீரோட்டமும் எப்படி விலகுகின்றன என்ற இன்றைய விளக்கத்தின் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று. அது வெளியானது ஒரு மருத்துவப் பத்திரிகையில்!

வடதுருவத்தில் பனி இல்லாத திறந்த கடல் இருக்கிறது என்பதும் அவர் நம்பிக்கை. அவர் காட்டிய சான்று சுவாரசியமானது: அட்லாண்டிக் பக்கத்துக் கப்பல்களின் முத்திரை பதித்த ஈட்டிகள், பசிபிக் பக்கம் பிடிபட்ட திமிங்கிலங்களின் உடம்பில் கிடைத்தன. அப்படியானால் திமிங்கிலம் வடக்கு வழியாகத்தான் போயிருக்க வேண்டும், மூச்சுவிட நீர்ப்பரப்பு தேவை, ஆகவே நடுவில் கடல் திறந்திருக்கிறது. படிகள் எல்லாம் ஒழுங்கு. ஏறிப்போய் நின்ற மாடி மட்டும் இல்லை. பனிக்குள் இருக்கும் விரிசல்களே அந்தத் திமிங்கிலத்துக்குப் போதும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஆகவே 'தந்தை' பட்டம்? எனக்கு அதில் நாட்டமில்லை. அவருக்கு முன்பே லாக் புக்குகளைக் கூட்டி அட்லாண்டிக் நீரோட்டங்களை வரைந்தவர் ஜேம்ஸ் ரென்னல். நம் நாட்டோடு சம்பந்தப்பட்டவர்: இளம் வயதில் புதுச்சேரி முற்றுகையில் இருந்தவர், பிறகு வங்காளத்தின் நில அளவைத் தலைவர். அவருடைய நீரோட்டப் புத்தகம் அவர் இறந்த பிறகு 1832-இல் வந்தது. கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் கப்பல் நாட்குறிப்புகளிலிருந்தே புயல்களின் சுழலைப் பிரித்தெடுத்து, 1848-இல் 'சைக்ளோன்' என்ற சொல்லைக் கொடுத்தார். கடலியல் ஒரு தனித்துறையாக எழுந்து நின்றது 1872 முதல் 1876 வரை நடந்த சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பலின் ஆய்வுப் பயணத்துக்கு அப்புறம். மோரி பெரிய ஒழுங்கமைப்பாளர், கோட்பாட்டாளராக நடுத்தரம். அவர் காலத்து அமெரிக்க விஞ்ஞானிகளான ஜோசஃப் ஹென்றியும் அலெக்ஸாண்டர் பேச்சும் அவரை இதைவிடக் கீழே வைத்தார்கள். அதில் பதவிப் போட்டியும் கொஞ்சம் கலந்திருந்தது.

நம் பக்கத்துத் தேவாலயங்களில் ஒரு கதை சொல்வார்கள். உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். மோரி நோயுற்றுப் படுத்திருந்தபோது வீட்டில் யாரோ வேதாகமத்தின் எட்டாம் சங்கீதம் வாசித்தார்கள், அதில் 'கடல்களின் பாதைகள்' என்று வந்தது, வேதம் சொன்னால் பாதை இருக்கத்தான் வேண்டும் என்று எழுந்துபோய்த் தேடினார் என்று. மோரி பக்தர் என்பதும், புத்தகத்தில் வேதவசனங்களைத் தாராளமாகக் கையாண்டார் என்பதும் உறுதி. ஆனால் நீரோட்டங்கள் இருப்பது அவருக்கு முன்பே எல்லா மாலுமிக்கும் தெரியும். அவரே ஆண்டுக்கணக்கில் அவற்றின் மீது பயணம் செய்தவர். படுக்கையில் வாசித்து அறிய வேண்டிய விஷயம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'கடல்களில் சஞ்சரிக்கிறவைகளையும்' என்றுதான் இருக்கும். தமிழில் வாசித்திருந்தால் அந்தக் கதையே பிறந்திருக்காது.

இப்போது நீங்கள் பிரித்துவைக்கச் சொன்ன அந்த இரண்டாவது டப்பா. போர் 1861-இல் வந்தது. ஆனால் நான் பார்க்கச் சொல்வது அதற்குப் பத்து வருஷம் முன்னால், அவர் அமெரிக்கக் கடற்படையின் மதிப்புமிக்க விஞ்ஞானியாக இருந்த காலம். சாவோ ரோக் முனைக்கு வடக்கே மேற்கு நோக்கி ஓடும் நீவாட்டைச் சொன்னேன் இல்லையா? அது அமேசான் முகத்துவாரத்தைக் கடந்து கரீபியனுக்குள் போய், மெக்சிகோ வளைகுடா வழியாக ஃபுளோரிடாவை ஒட்டி வெளியே வருகிறது. அமேசானிலிருந்து மிதந்துவரும் ஒரு மரக்கட்டை அமெரிக்காவின் வாசலைத் தாண்டித்தான் போகும் என்று மோரி எழுதினார். முகத்துவாரத்தில் இருக்கும் பெலெமிலிருந்து பாய்க்கப்பல் ரியோவுக்குப் போவதென்றால் காற்றும் நீரோட்டமும் எதிர். அமெரிக்காவுக்கு வருவதென்றால் இரண்டும் துணை. ஆகவே அமேசான் பள்ளத்தாக்கு வரைபடத்தில் பிரேசிலுடையதாக இருந்தாலும் இயற்கையின் கணக்கில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் தொடர்ச்சி என்பது அவர் வாதம்.

எதற்காக இந்த வாதம்? தென் மாநிலங்களில் அடிமைகளின் தொகை பெருகிக்கொண்டே போகிறது, புதிய நிலம் கிடைக்காவிட்டால் ஒரு நாள் இனப்போர் வெடிக்கும் என்பது அவர் அச்சம். தென்னாட்டு முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு அமேசானுக்குக் குடியேறினால் அது கொதிகலத்தின் பாதுகாப்பு வால்வு போல வேலை செய்யும் என்று வெளிப்படையாகவே எழுதினார். தன் மைத்துனர் லெப்டினன்ட் ஹெர்ன்டனைக் கடற்படைச் செலவில் அங்கே அனுப்பவைத்தார். ஹெர்ன்டன் 1851-இல் லிமாவிலிருந்து ஆண்டிஸ் மலையைத் தாண்டி, ஆற்றோடு இறங்கி 1852-இல் பெலெம் சேர்ந்தார். அரசாங்கத்தின் பார்வைக்கு அது ஆய்வுப் பயணம். புறப்படும் முன் மோரி அவருக்கு எழுதிய கடிதத்தில் நோக்கம் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. பிறகு 'இன்கா' என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் எழுதி, ஆற்றை எல்லாக் கப்பலுக்கும் திறந்துவிட வேண்டும் என்று நெருக்கினார். பிரேசில் உஷாராகிவிட்டது. அமெரிக்கர்கள் குடியேறிய டெக்சாஸ் எப்படி மெக்சிகோவின் கையிலிருந்து போனது என்பதை அவர்களும் பார்த்தவர்கள்தானே? அந்நியக் கொடிகளுக்கு ஆற்றைத் திறந்தது 1867-இல்தான்.

இதனால்தான் 'அறிவியல் வேறு, அரசியல் வேறு' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமேசான் திட்டம் அவருடைய ஓய்வுநேரப் பைத்தியம் என்றால் விட்டுவிடலாம். அது அவருடைய நீரோட்டப் படத்தின் மீதே கட்டிய திட்டம். ரைட் கப்பலுக்கு 17 நாளை மிச்சப்படுத்திய அதே அறிவு, ஆயிரக்கணக்கான மனிதர்களை விலங்கோடு எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதற்கும் பயன்பட இருந்தது. அவருக்கு இரண்டும் ஒரே கணக்கு.

அவரை ஆதரிப்பவர்கள் சொல்வதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அடிமைமுறை தன் மாநிலத்துக்கு ஒரு சுமை, அது வர்ஜீனியாவை விட்டு ஒழிந்தால் நல்லது என்று அவர் கடிதங்களில் எழுதியது உண்மை. போர் மூளும் முன் சமாதானத்துக்காக மாநில ஆளுநர்களுக்கு எழுதினார், அதுவும் உண்மை. இதை வைத்து 'அவர் அடிமைமுறையை எதிர்த்தவர்' என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது. சுதந்திரமாக இருக்கும் யாரையும் நான் அடிமையாக்கவில்லை, இருப்பவர்களை இடம் மாற்றுகிறேன் என்பதுதான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். வீட்டிலிருக்கும் தீயை அணைக்காமல் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மாற்றுவது போல.

1861 ஏப்ரலில் பதவியை விட்டு வர்ஜீனியாவோடு போனார். ரஷ்யாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வந்த அழைப்புகளை மறுத்துவிட்டே போனார். ஜேம்ஸ் ஆற்றில் மின்சாரத்தால் வெடிக்கும் கண்ணிவெடிகளைப் பதித்தார். 1862-இல் இங்கிலாந்துக்குப் போய்த் தெற்குக்காகக் கப்பல் வாங்கினார். மாநிலத்துக்கு விசுவாசம் என்று இதை விளக்கலாம். அந்தக் காலத்தில் பலர் அப்படி நினைத்தார்கள். அந்த விளக்கம் 1865-க்கு அப்புறம் நிற்காது. போர் முடிந்தது, வர்ஜீனியா தோற்றது, அடிமைமுறை ஒழிந்தது. மோரி மெக்சிகோவுக்குப் போய்ப் பேரரசர் மாக்ஸிமிலியனின் குடியேற்ற ஆணையர் ஆனார். தென்னாட்டவர்களை அங்கே குடியேற்றும் திட்டத்தின் விதிகளில், கறுப்பினத் தொழிலாளர்கள் மெக்சிகோ மண்ணில் கால் வைத்ததும் சுதந்திரர் என்று முதலில் எழுதியிருக்கும். அடுத்த விதிகளில், ஐந்து முதல் பத்து வருஷம் எஜமானோடு ஒப்பந்தம், ஓடினால் பிடித்துக் கூலியில்லாப் பொதுவேலை என்று வரும். இது பெயர் மாற்றிய அடிமைமுறைதான் என்று அன்றைக்கே அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் சொன்னார். எந்த மாநிலத்துக்கு விசுவாசமாக இதைச் செய்தார்? திட்டம் ஒன்றிரண்டு வருஷத்தில் சரிந்தது. 1868-இல் வர்ஜீனியாவுக்குத் திரும்பி ராணுவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, 1873-இல் இறந்தார்.

பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் அவர் சிலை எழுந்தது 1929 நவம்பரில். தலைக்கு மேல் ஒரு பெரிய பூகோளம். இறந்து 56 வருஷம் கழித்து, தெற்கின் தளபதிகளை வரிசையாக நிறுத்திய ஒரே தெருவில் அது வந்தது. கடலறிவைக் கொண்டாட மட்டும் என்றால் அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியதில்லை. 2020 ஜூலையில் இறக்கினார்கள். 2023-இல் கடற்படைக் கல்லூரியில் மோரி பெயரிலிருந்த கட்டடத்துக்கு முன்னாள் குடியரசுத் தலைவர் கார்ட்டரின் பெயர் வந்தது, ஆய்வுக் கப்பல் மேரி தார்ப் ஆனது. இது சரி என்றே எனக்குப் படுகிறது. தான் சத்தியம் செய்த கடற்படையை எதிர்த்துக் கண்ணிவெடி வைத்தவரின் பெயரை அந்தக் கடற்படையே தன் கப்பலுக்கு வைத்துக்கொள்ள வேண்டிய கடன் எதுவும் கிடையாது.

தார்ப் யார் என்று கேட்டிருந்தீர்கள். பெண் என்பதால் நெடுங்காலம் ஆய்வுக் கப்பலில் ஏற்றப்படாதவர். நியூயார்க்கில் மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கப்பலிலிருந்து கொண்டுவந்த ஆழ அளவுகளைக் கோடு கோடாக வரைந்து, 1950-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் நடுமலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவு ஓடுவதைக் கண்டார். கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் அதை முதலில் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார். கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள அந்தப் பிளவு பெரிய சான்றானது. அட்லாண்டிக்கின் நடுவே தரை உயர்ந்திருக்கிறது என்பதைக் கையில் இருந்த சொற்ப அளவுகளை வைத்து 1854-இல் முதலில் படமாகக் காட்டியவர் மோரி. கால் ஒடிந்து மேசைக்கு வந்தவர் ஒருவர், கப்பலில் ஏறவிடாமல் மேசையில் உட்காரவைக்கப்பட்டவர் ஒருவர்; இருவரும் செய்தது ஒரே வேலை. பெயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களோ இல்லையோ, பொருத்தம் தானாக வந்து அமைந்திருக்கிறது.

கப்பலின் பெயரை மாற்றியது சரியென்றால் பைலட் சார்ட்டில் இருக்கும் வரியையும் எடுக்க வேண்டாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எடுக்கக் கூடாது. கப்பலுக்குப் பெயர் வைப்பது மரியாதை; மரியாதையைக் கொடுப்பவர் திரும்ப வாங்கலாம். இந்தப் படம் யாருடைய ஆய்விலிருந்து வந்தது என்று தாளில் எழுதுவது கணக்கு. அதை மாற்றினால் பொய்க்கணக்கு. அந்த வரியில் அவருக்குக் 'கடல்களின் வழிகாட்டி', 'தந்தை' என்ற அடைமொழி எதுவும் கிடையாது. பின்னால் வந்த கமாண்டர் பதவியும், தெற்குக் கடற்படையில் வகித்த பதவியும் கிடையாது. அந்த வேலையைச் செய்தபோது என்னவாக இருந்தாரோ அது மட்டும்: அமெரிக்கக் கடற்படையின் லெப்டினன்ட் மோரி.